வழியனுப்பாத பழக்கம்

எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. யாரையும் வழியனுப்ப ரயில் நிலையத்துக்குப் போக மாட்டேன். தில்லியில் குடியிருப்பவர்கள் வீட்டுக்கு உறவினர் வரத்துக்குக் குறைவிருக்காது. வருகிறவர்களை அழைத்து வர நிஜாமுதீனுக்கு ஓடுவேன். விடிகாலை நாலு மணி வண்டியானாலும் சரி. ஆனால் அவர்கள் திரும்பிப் போகிற அன்று எனக்கு ஏதாவது வேலை வந்துவிடும். கல்லூரியில் ஆடிட் இருக்கும், காஸ் சிலிண்டர்காரன் வருவதாகச் சொல்லியிருப்பான், தலை வலிக்கும். புளியோதரை கட்டிக் கொடுத்து, பாட்டிலில் தண்ணீர் நிரப்பிக் கொடுத்து, ஆட்டோ தெருமுனை திரும்புவதற்குள் உள்ளே வந்து கதவைச் சாத்திவிடுவேன். ஐம்பது வயது தாண்டியும் இதை ஒரு பழக்கம் என்று நான் நினைத்ததில்லை. நேரமில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

என் மகள்தான் அதைக் கண்டுபிடித்தாள். 2016இல் புனேயில் அவளுக்குப் பிரசவம். மூன்று மாதம் அவளோடு இருந்தேன். பத்தியச் சமையல், குழந்தைக்கு எண்ணெய்க் குளியல், மாப்பிள்ளைக்கு டிபன், எதிலும் குறை வைக்கவில்லை. கிளம்புவதற்கு முதல் நாள் அவள் சொன்னாள்: "அம்மா, மூணு மாசத்துல நீ ஒரு தடவைகூட எங்கிட்ட சும்மா உக்காரலை. நான் அழுதப்போல்லாம் கஞ்சி கொண்டுவந்தே. எனக்குக் கஞ்சி வேண்டியிருக்கலைம்மா."

மறுநாள் விடியும் முன்பே நான் கிளம்பிவிட்டேன். பச்சை உடம்புக்காரி, தூங்கட்டும், எழுப்ப வேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் சொன்னேன். ரயில் ஏறி ஒரு மணி நேரத்தில் அவளிடமிருந்து போன் வந்தது. "போறப்போ நீ யார் முகத்தையும் பாக்கமாட்டியா?" என்றாள். அவ்வளவுதான். போனை வைத்துவிட்டாள்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடப்போய் நான் ஐம்பது வருஷம் பின்னால் போகவேண்டியிருந்தது.

1968. எனக்கு ஆறு வயது. அப்பா ரயில்வேயில் கார்டு. இட்டார்சி ஜங்ஷனில் குவார்ட்டர்ஸ். வண்டியோடு போனால் அப்பா திரும்பி வர இரண்டு நாளாகும். அம்மாவுக்கு அப்போது இருபத்தேழு வயது. இந்தி சரியாக வராது. தம்பி பிறந்து நாலு மாதம். ஒரு நாள் பாளையங்கோட்டையிலிருந்து மாமா வந்தார். மூன்றாம் நாள் அம்மா எனக்குத் தலை பின்னிப் புதுக் கவுன் போட்டுவிட்டு, "மாமாகூட ஜங்ஷன் வரைக்கும் போய் ரயில் பாத்துட்டு வா" என்றாள். மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். ஜி.டி. எக்ஸ்பிரஸ் வந்தது. மாமா என்னைத் தூக்கி உள்ளே உட்கார வைத்தார். வண்டி நகர்ந்தது. நாக்பூர் வரும்வரைக்கும், அடுத்த ஸ்டேஷனில் இறங்கி வீட்டுக்குப் போய்விடுவோம் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாளையங்கோட்டையில் ஆச்சி வீட்டில் ஐந்து வருஷம் இருந்தேன். படிப்புக்காக என்று சொன்னார்கள். அது யாருக்கும் விசித்திரமாகத் தெரியவில்லை. வடக்கே வேலை பார்த்த தமிழ்க் குடும்பங்கள் பிள்ளைகளை ஊரில் விட்டுப் படிக்கவைப்பது அப்போது சாதாரணம். இதைப் படிப்பவர்களில் பலருக்கும் அப்படி ஓர் ஆச்சியோ பாட்டியோ அம்மம்மாவோ இருந்திருக்கக்கூடும். என் ஆச்சி என்னைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டாள். போன நாளிலிருந்து நான் அழவே இல்லையாம். "தங்கமான பிள்ளை. தாயைத் தேடவே இல்லை" என்று தெருவில் எல்லோரும் சொன்னார்கள். அந்தப் பெயரைக் காப்பாற்றுவதிலேயே என் பாதி வாழ்க்கை போயிற்று.

ஒன்றை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை. மாமா வருவதற்கு ஒரு வாரம் முன்பு, தூங்கிக்கொண்டிருந்த தம்பியின் தொடையில் நறுக்கென்று கிள்ளினேன். அவன் வீறிட்டான். அம்மா ஓடி வந்தாள். என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை, வெறுமனே பார்த்தாள். என்னை அனுப்பிவிட்டது அதற்காகத்தான் என்று எனக்குத் தெரியும். ஆறு வயதில் அப்படித் தெரிந்தது. ஐம்பது வயதிலும் அது மாறியிருக்கவில்லை.

நான் தில்லியில் ஒரு கல்லூரியில் நூலகராக இருந்தவள். மனோதத்துவ அலமாரியிலிருந்த புத்தகங்களுக்கெல்லாம் நானே எண் எழுதி ஒட்டியிருக்கிறேன். அட்டையைத் தாண்டிப் படித்ததில்லை. பிராய்ட் என்றால் கனவும் காமமும், நமக்கெதற்கு என்று இருந்தேன். புனேயிலிருந்து வந்த பிறகுதான் மதிய இடைவேளைகளில் ஒவ்வொன்றாக எடுத்துப் பிரித்தேன். அப்படித்தான் 'ஆப்ஜெக்ட் ரிலேஷன்ஸ்' என்ற பிரிவு என் கையில் வந்து சேர்ந்தது.

பெயரே ஆளை விரட்டும். 'ஆப்ஜெக்ட்' என்றால் பொருள் என்று அகராதி சொல்லும். ஆனால் இங்கே அது பொருள் அல்ல, பெரும்பாலும் ஆள். மனிதனின் உந்துதல்கள் எதை நாடிப் போகின்றனவோ அதைக் குறிக்க பிராய்ட் பயன்படுத்திய சொல் அது. அவருக்கு உந்துதல்தான் முதன்மை, ஆள் அடுத்தபடி. பின்னால் வந்த சிலர் இதைத் திருப்பிப் போட்டார்கள். வியன்னாவில் பிறந்து 1926இல் லண்டனில் குடியேறிய மெலனி கிளைன், குழந்தைகள் பொம்மை வைத்து விளையாடுவதைப் பார்த்தே அவர்கள் மனதைப் படிக்க முயன்றார். எடின்பரோவில் இருந்த ரொனால்ட் ஃபேர்பேர்ன் இன்னும் ஒரு படி மேலே போய், மனிதன் அடிப்படையில் தேடுவது இன்பத்தை அல்ல, இன்னொரு மனிதனை என்றார். குழந்தைக்குப் பசி தீர்ந்தால் மட்டும் போதாது. பசியைத் தீர்க்கிறவள் வேண்டும்.

அவர்கள் சொல்வதை நான் புரிந்துகொண்டது இப்படி. சின்ன வயதில் நம்மைச் சுற்றி இருந்தவர்கள் நமக்குள்ளே வந்து குடியேறிவிடுகிறார்கள். அவர்கள் மட்டும் தனியாக வருவதில்லை. அம்மா உள்ளே வரும்போது, அம்மாவின் முன்னால் நிற்கும் நானும் கூடவே வருகிறேன். இருவருக்கும் நடுவில் இருந்த பயமோ ஏக்கமோ கோபமோ அதுவும் வருகிறது. மூன்றும் சேர்ந்து ஒரு கட்டு. பிற்பாடு வாழ்க்கையில் வருகிற கணவன், மேலதிகாரி, மகள் எல்லோரையும் அந்தக் கட்டுக்குள் வைத்தே பார்க்கிறோம். 'நான்' என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்தக் கட்டுகளின் சேர்க்கைதான். இன்னொன்றும் முக்கியம். உள்ளே இருக்கும் அம்மா வெளியே இருந்த அம்மாவின் போட்டோ அல்ல. குழந்தை தன் பயத்தையும் கோபத்தையும் சேர்த்துப் பிசைந்து செய்துகொண்ட உருவம் அது.

ஃபேர்பேர்ன் 1943இல் எழுதிய ஒரு கட்டுரையில், வீட்டில் கொடுமைக்கு ஆளான குழந்தைகள்கூடப் பெற்றோரைக் கெட்டவர்கள் என்று சொல்லத் தயங்குவதைப் பற்றிப் பேசுகிறார். தன்னைக் கெட்டவன் என்று நினைத்துக்கொள்வதை அந்தக் குழந்தைகள் பொறுத்துக்கொள்கிறார்கள். காரணம் எளிது. அம்மா கெட்டவள் என்றால் போக்கிடமே இல்லை. நான் கெட்டவள் என்றால் ஒரு நம்பிக்கை இருக்கிறது. நான் திருந்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் அல்லவா? இதைப் படித்தபோது மதியம் இரண்டு மணி. மாணவர்கள் புத்தகம் கேட்டு வரிசையில் நின்றார்கள். நான் தம்பியின் தொடையைக் கிள்ளிய கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் திருந்திய பிள்ளையாகி ஐம்பது வருஷம் ஆகியிருந்தது. யாரும் வந்து கூட்டிப்போகவில்லை.

அடுத்து வந்தவர் டொனால்ட் வினிகாட். லண்டனில் பாடிங்டன் கிரீன் குழந்தைகள் மருத்துவமனையில் சுமார் நாற்பது வருஷம் டாக்டராக இருந்தவர். ஆயிரக்கணக்கான தாய்மாரையும் குழந்தைகளையும் நேரில் பார்த்த அனுபவம் அவர் எழுத்தில் தெரியும். குழந்தைகள் விடாமல் கட்டிக்கொண்டு தூங்கும் கந்தல் துணியையும் கரடி பொம்மையையும் பற்றி 1951இல் அவர் ஒரு கட்டுரை வாசித்தார். அம்மா இல்லாத நேரத்தைத் தாண்டக் குழந்தை தானே கண்டுபிடித்த பாலம் அது என்கிறார். அது அழுக்காகவும் நாற்றமாகவும் இருந்தாலும் பெற்றோர் விட்டுவிடுகிறார்கள். துவைத்தால் குழந்தைக்கு ஏதோ அறுந்துபோகிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இட்டார்சியிலிருந்து வந்த என் துணிகளை அம்மா தன் பழைய வாயில் புடவையில் ஒரு துண்டு கிழித்துச் சுற்றிக் கட்டியிருந்தாள். அதில் தாளித்த வாசனையும் பால் வாசனையும் எங்கள் குவார்ட்டர்ஸுக்கே உரிய நிலக்கரிப் புகை வாசனையும் இருந்தன. ராத்திரியில் அதை மூக்கில் வைத்துக்கொண்டுதான் தூங்குவேன். இரண்டு வாரம் கழித்து ஆச்சி, "என்னட்டி இது, இந்த நாத்தம் நாறுது" என்று சவுக்காரம் போட்டுத் துவைத்து முற்றத்தில் காயப்போட்டாள். அன்று ராத்திரி அதில் வெயில் வாசனைதான் இருந்தது. ஆச்சி மேல் குற்றமில்லை. பேத்தி சுத்தமாக இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டாள். நான் துணியை மடித்துப் பெட்டியில் வைத்தேன். பிறகு எடுக்கவில்லை.

'தங்கமான பிள்ளை'க்கும் அந்த அலமாரியில் விளக்கம் கிடைத்தது. ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் 1952இல் ஒரு குறும்படம் எடுத்தார். எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருக்கும் ஒரு இரண்டு வயதுச் சிறுமியைப் பற்றியது. அந்தக் காலத்து ஆங்கில ஆஸ்பத்திரிகளில் பெற்றோர் குழந்தையைப் பார்க்கக் கடுமையான கட்டுப்பாடு உண்டு. முதல் நாள் அழுகிற குழந்தைகள் பிறகு அமைதியாகிவிடுவார்கள். பழகிவிட்டது என்று நர்சுகள் நினைத்தார்கள். அது பழக்கம் அல்ல, நம்பிக்கை போய்விட்டது என்றார் ராபர்ட்சன். இதே கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் யுத்த காலத்திலும் எச்சரித்திருந்தார்கள். 1939இல் குண்டுவீச்சுக்குப் பயந்து லண்டன் குழந்தைகளைக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைத் தாயில்லாமல் அனுப்புவது பெரிய மனோதத்துவப் பிரச்சினைகளைக் கொண்டுவரும் என்று வினிகாட்டும் ஜான் பவுல்பியும் இன்னொருவரும் அந்த டிசம்பரிலேயே மருத்துவப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார்கள். அனுப்பியவர்களின் காரணம் நல்ல காரணம்தான். குழந்தைக்குக் காரணம் தெரியாது. அதற்குத் தெரிவதெல்லாம் ஆள் இல்லை என்பது மட்டும்தான்.

படித்துப் புரிந்துகொள்வதால் மட்டும் ஒன்றும் ஆகிவிடவில்லை. தெற்கு தில்லியில் இந்த முறையில் பயிற்சி பெற்ற ஒரு பெண்மணியிடம் வாரம் ஒரு நாள் போக ஆரம்பித்தேன். ஐம்பது நிமிஷம். அவர் அதிகம் பேசமாட்டார். நானும் அதிகம் பேசவில்லை. வீட்டு விஷயம், ஆபீஸ் விஷயம் என்று ஒப்பித்துவிட்டு வருவேன். ஏழெட்டு மாதம் கழிந்து ஜூன் மாதத்தில் நாலு வாரம் விடுமுறையில் போகப்போவதாக அவர் சொன்னார். நான் உடனே, "எனக்கும் இப்போது நிறையத் தேவலாம். இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்" என்றேன். அந்த நிமிஷம் வரைக்கும் அப்படி ஒரு நினைப்பே எனக்கு இருந்ததில்லை.

அவர் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு சொன்னார்: "நான் ஊருக்குப் போகிறேன் என்றதும் நீங்கள் என்னை முதலில் அனுப்பிவிட்டீர்கள்."

எனக்குக் கோபம் வந்தது. எழுந்து போய்விடலாம் என்று தோன்றியது. போகவில்லை. நாலு வாரத்துக்கும் அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். இனி வரமாட்டார், வேறு நல்ல ஆள் கிடைத்திருப்பார், நான் ஏதோ தப்பாகப் பேசிவிட்டேன் என்று ஒவ்வொன்றாகத் தோன்றியது. ஜூலை முதல் வாரம் கதவைத் தட்டினேன். திறந்தார். அந்தச் சாதாரண விஷயம் எனக்கு எவ்வளவு பெரியதாக இருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். இந்தச் சிகிச்சையின் சூட்சுமமே இதுதான். பழைய கட்டை அந்த அறைக்குள் கொண்டுவந்து பிரித்துப் பார்ப்பது. போனவர் திரும்பி வந்தார், நான் திட்டியும் அவர் அழிந்துபோகவில்லை என்ற புது அனுபவம் உள்ளே போய்ப் பழையதற்குப் பக்கத்தில் உட்கார்வது.

தில்லியிலிருந்து போபாலுக்கும் சென்னைக்கும் போகும் வண்டிகள் மதுரா வழியாகத்தான் போகும். கிருஷ்ணன் பிறந்த ஊர் என்று எல்லோரும் கைகூப்புவார்கள். இந்தத் துறையின் பெரிய பெயர்களில் ஒன்றான வில்ஃப்ரெட் பியான் 1897இல் பிறந்ததும் அதே மதுராவில்தான் என்று படித்தபோது தூக்கிவாரிப்போட்டது. தகப்பனார் ஆங்கிலேய இன்ஜினியர். எட்டு வயதில் படிப்புக்காக அவனை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் விட்டார்கள். மகனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு அம்மா நடந்துபோகும்போது, வேலிச் செடிகளுக்கு மேலே அவளுடைய தொப்பி மட்டும் ஆடி ஆடி மறைவதைப் பார்த்துக்கொண்டு நின்றதைக் கிழவயதில் தன் வரலாற்றில் எழுதினார். பிறகு மூன்று வருஷம் அம்மாவைப் பார்க்கவில்லை. முதல் உலக யுத்தத்தில் டாங்கிப் படை அதிகாரியாக இருந்து, டாக்டராகி, மெலனி கிளைனிடம் பயின்றார். இந்தியாவுக்கு அவர் திரும்பி வரவே இல்லை. 1980 தொடக்கத்தில் பம்பாய் வருவதாக ஏற்பாடாகியிருந்தது. அதற்கு முன்பே, 1979 நவம்பரில், ஆக்ஸ்போர்டில் இறந்துபோனார்.

அந்தச் சிறுவன் பெரியவனாகிச் சொன்ன கருத்துதான் எனக்கு எல்லாவற்றையும்விட உதவியது. கைக்குழந்தைக்குத் தாங்கமுடியாத பயம் வரும். அது என்னவென்று அதற்குத் தெரியாது. அதை அழுகையாக அம்மாவிடம் தள்ளிவிடும். அம்மா அந்தப் பயத்தை வாங்கித் தனக்குள் வைத்துக்கொண்டு, ஆற்றி, குழந்தை தாங்கக்கூடிய சூட்டில் திருப்பிக் கொடுக்கிறாள். அவளை அவர் ஒரு கொள்கலனுக்கு ஒப்பிட்டார். கொதிக்கிற பாலை டம்ளரும் டவராவுமாக ஆற்றிக் கொடுக்கிற நமக்கு இது புரியாத விஷயம் அல்ல. அம்மாவால் வாங்கிக்கொள்ள முடியாவிட்டால் பயம் பெயரில்லாமல் உள்ளேயே தங்கிவிடும். என் மகள் அழுதபோது நீட்டியது அதைத்தான். நான் அதை வாங்கிக்கொள்ளாமல் கஞ்சியை நீட்டினேன்.

என் கணவருக்கு இதெல்லாம் ஒப்பவில்லை. "இது வெள்ளைக்காரன் வீட்டுக் கதை. ஒரு வீட்டுக்கு ஒரு அம்மா, ஒரு குழந்தை, ஒரு தனி அறை. நம் வீட்டில் ஒரு குழந்தைக்கு நாலு மடி" என்றார். நியாயமான கேள்விதான். இந்தியாவுக்கு இந்தத் துறை புதிதும் அல்ல. 1922லேயே கிரீந்திரசேகர் போஸ் கல்கத்தாவில் உளப்பகுப்பாய்வுச் சங்கம் ஆரம்பித்துவிட்டார். 2024இல் மறைந்த சுதிர் கக்கர், 1978இல் எழுதிய 'தி இன்னர் வேர்ல்ட்' புத்தகத்தில், நம் பிள்ளைகள் தாயோடு நெடுநாள் ஒட்டியிருந்து பிறகு திடீரென்று விலக்கப்படுவதைப் பற்றிப் பேசினார். இல்லை, கூட்டுக் குடும்பத்தில் குழந்தை ஒரு தாயிலிருந்து பல தாய்களிடம் நகர்வதுதான் வளர்ச்சி, அதை இழப்பாகப் பார்க்காதீர்கள் என்று ஸ்டான்லி கர்ட்ஸ் என்ற அமெரிக்க மானுடவியல் அறிஞர் 1992இல் வாதாடினார்.

எனக்கு இரண்டும் பாதிப் பாதி உண்மை என்றே படுகிறது. ஆச்சி எனக்கு நிஜமான தாய். பதிலிக்கு வந்தவள் அல்ல. ஆனால் நான் நூலகர் புத்தியோடு இரண்டு பேரையும் இரண்டு அலமாரியில் வைத்துவிட்டேன். நல்லதெல்லாம் ஆச்சி, கெட்டதெல்லாம் அம்மா. இப்படிப் பிரித்து வைப்பதில்தான் எல்லாக் குழந்தைகளும் ஆரம்பிக்கின்றன என்கிறார் கிளைன். பசியாற்றுகிறவள் ஒருத்தி, காக்கவைக்கிறவள் வேறொருத்தி. இரண்டும் ஒரே ஆள்தான் என்று தெரியவரும்போது குழந்தைக்குத் துக்கம் வருகிறது. நான் வெறுத்ததும் என் பிரியமானவளைத்தானே என்ற குற்ற உணர்வு வருகிறது, கெடுத்ததைச் சரிசெய்ய வேண்டும் என்ற ஆசை வருகிறது. 1935இல் இதை விவரித்தபோது அவர் வைத்த பெயரில் மனச்சோர்வு என்ற சொல் இருக்கிறது. உண்மையில் அது நோய் அல்ல, ஒரு முதிர்ச்சி. நான் அந்தப் படியைத் தாண்டாமலே பாட்டியாகிவிட்டிருந்தேன்.

2019இல் அம்மா கண் ஆபரேஷனுக்காகப் போபாலில் இருந்த தம்பி வீட்டிலிருந்து தில்லி வந்தாள். அவளுக்கு எழுபத்தெட்டு வயது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்திருந்தாள். நான் கேட்டேன்: "என்னை ஏம்மா அனுப்பினே?"

"படிப்புக்குத்தான். வேற எதுக்கு?" என்றாள்.

மூன்று நாள் கழித்து, ராத்திரி பத்து மணிக்குச் சொட்டு மருந்து விடும்போது, கண்ணை மூடிக்கொண்டே பேசினாள். "உங்க அப்பா வண்டியோட போயிருவாவ. தம்பி ராப்பூரா அழுவான். எனக்குத் தூக்கம் கெடையாது, ஒரு வாய் சோறு எறங்காது. நீ அம்மா அம்மான்னு பின்னாலயே வருவ. ஒரு நா அருவாமனையில காய் நறுக்கிட்டிருந்தேன். நீ வந்து முதுகில சாஞ்ச. அப்ப எனக்கு என்ன தோணிச்சின்னு நான் சொல்லமாட்டேன். அன்னைக்கு ராத்திரியே ஆச்சிக்குக் கடுதாசி எழுதினேன், பிள்ளையக் கூட்டிட்டுப் போயிருங்கன்னு."

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"சொல்லிட்டு அனுப்பியிருந்தா நீ அழுவ. நீ அழுதா நான் விட்டிருக்கமாட்டேன்" என்றாள்.

"தம்பியை நான் கிள்ளினேனே, அதுக்காகன்னு நெனச்சேன்."

"கிள்ளினியா? எப்ப?" என்றாள் அம்மா.

பிரசவத்துக்குப் பிறகு சில பெண்களுக்கு வரும் இந்த நிலைக்கு இன்று பெயர் உண்டு, சிகிச்சையும் உண்டு. 1968இல் இட்டார்சி குவார்ட்டர்ஸில் அம்மாவுக்கு அந்தப் பெயர் தெரியாது. நோய் ஒரு பக்கம் இருக்க, சாதாரணத் தாய்க்கும் தன் குழந்தை மேல் வெறுப்பு வரும் என்று 1949இல் வினிகாட் துணிந்து எழுதினார். அதற்குப் பதினெட்டுக் காரணங்களைப் பட்டியலே போட்டார். வெறுப்பு வருவதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. வந்தும் அதன்படி நடக்காமல் அதைத் தாங்கிக்கொண்டிருப்பதுதான் தாய்மையின் வலிமை என்றார். ஆனால் தாங்குகிறவளையும் யாராவது தாங்கவேண்டும். என் பயத்தை வாங்கி ஆற்ற அம்மா இருந்தாள். அவள் பயத்தை வாங்கி ஆற்ற இட்டார்சியில் ஒருவரும் இல்லை. அதனால் என்னிடமிருந்து என்னைக் காப்பாற்ற அல்ல, தன்னிடமிருந்து என்னைக் காப்பாற்ற அனுப்பினாள்.

அன்று ராத்திரி அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பால் காய்ச்சப் போகவில்லை. அவள் அழுதாளா, மருந்து வழிந்ததா என்று தெரியவில்லை. துடைத்துவிடாமல் உட்கார்ந்திருப்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது. உட்கார்ந்திருந்தேன்.

இத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். ஆகவில்லை. காரணம் தெரிந்த பிறகும், நாக்பூர் வரை ஏமாந்துகொண்டு போன அந்தச் சிறுமிக்கு அம்மா மேல் இருக்கிற கோபம் போகவில்லை. ஆனால் இப்போது அந்தக் கோபம் ஒரு ராட்சசி மேல் அல்ல. தூக்கமில்லாமல், பாஷை தெரியாத ஊரில், அரிவாள்மனையைத் தள்ளி வைத்துவிட்டுக் கடுதாசி எழுதிய இருபத்தேழு வயதுப் பெண் மேல். அவள் என் மகளைவிடச் சின்னவள். உள்ளே இருக்கும் ஆட்களை நாம் துரத்த முடியாது. அவர்களோடு இருக்கும் உறவை மாற்ற முடியும். இதை ஒரு கொள்கையாகப் படித்திருந்தேன். ஐம்பத்தேழு வயதில் நிஜமாயிற்று.

மகளிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், "கஞ்சி நல்லாத்தாம்மா இருந்தது" என்றாள்.

அம்மா 2022இல் காலமானாள். அதற்கு மூன்று வருஷம் முன்பு, அந்த ஆபரேஷன் முடிந்து அவள் போபால் திரும்பிய அன்று, நான் நிஜாமுதீனுக்குப் போனேன். தம்பி அவளை ஜன்னலோரம் உட்கார வைத்தான். ஏ.சி. பெட்டி. வெளியிலிருந்து பார்த்தால் கறுப்புக் கண்ணாடியில் என் முகம்தான் தெரிந்தது. உள்ளே அவள் இந்தப் பக்கம் பார்க்கிறாளா, கண்ணை மூடியிருக்கிறாளா என்று தெரியவில்லை. வண்டி நகர்ந்தது. கையை அசைத்தேன். கடைசிப் பெட்டி போகும்வரை நின்றேன். அதற்குப் பிறகும் என்ன செய்வது என்று தெரியாமல் அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு மணி நேரம் கழித்து, வீட்டுக்கு வந்து தாழ்ப்பாளைத் திறக்கும்போது போன் அடித்தது. அம்மா.

"மதுரா வந்துட்டு. நீ இன்னும் அங்கனயே நிக்காத. வீட்டுக்குப் போய்ச் சாப்பிடு" என்றாள்.